மாமனாருக்கு ஒரு மறுப்பு

தெக்லாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. நாளைக் காலை கான்ஸ்டான்டிநோபிள் கடைவீதியில் அவள் அப்பாவின் தத்துவ நூலை எரிக்கப் போகிறார்கள். கணவன் நிகிதாஸோ, அந்த நூலுக்குத் திருச்சபை கேட்ட மறுப்பை ஒரு மாதமாக எழுதிக்கொண்டிருந்தான்.

"எங்கப்பாகிட்டயே படிச்சுட்டு, அவரையே திட்டி எழுத உங்களுக்கு எப்படிங்க கை வருது?"

"திட்டுறதுக்கு முன்னாடி அவர் சொன்னதை எழுதியாகணும். அதுதான் முறை. நீயே படிச்சுப் பாரு."

வெடுக்கென்று பிடுங்கிப் புரட்டினாள். பக்கம் பக்கமாக அப்பாவின் வாக்கியங்கள், ஒரு சொல் விடாமல். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் நிகிதாஸ் எழுதியிருந்தது ஒரே வரி: 'இது தவறு.'

தெக்லா அந்தத் தாள்களை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இதையும் எரிச்சுட்டா?"

"எரிக்கிறதா? பத்துப் பிரதி எடுக்கச் சொல்லிப் பேராயரே உத்தரவு போட்டிருக்காரு!"