பாதிக் கோப்பை

"இந்தப் பொண்ணு மாதிரி ஒரு கஞ்சத்தை நான் பார்த்ததே இல்ல அல்மூத். பாரு, இன்னைக்கும் பாதிதான்!"

இம்கே கோப்பையைச் சாய்த்துக் காட்டினாள். அடியில் கிடந்த கற்கண்டு முங்கும் அளவுக்குத்தான் டீ இருந்தது.

அல்மூத் அசடு வழியச் சிரித்தாள். புருஷனின் அக்காவிடம் வேறென்ன செய்ய முடியும்? ஒரு வாரம் இருந்துவிட்டுப் போகிறேன் என்று பிரேமன் நகரத்திலிருந்து வந்தவள், மூன்றாவது வாரமாகத் தோட்டத்தில் அதே நாற்காலியில் இருக்கிறாள். போதும் என்றால் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டு வைப்பது ஜெர்மனியில் இவர்கள் இருக்கும் கிழக்கு ஃப்ரீஸ்லாந்துப் பக்கத்து வழக்கம். இம்கே இதுவரை கரண்டியைத் தொட்டதில்லை.

மேரிம் கிர்கிஸ்தான் பெண். கோடைக்கு இவர்கள் வீட்டோடு தங்கி, ஐந்து வயது ஃபென்னாவைப் பார்த்துக்கொண்டே ஜெர்மன் பழக வந்தவள். ஃபென்னா இப்போதெல்லாம் அவளிடம்தான் தலை பின்னிக்கொள்வாள். பாதிக் கோப்பை தவிர அவளிடம் வேறு குறை இல்லை. இம்கேவுக்கு அது ஒன்றே போதும்.

"நம்ம டீ, நம்ம பாலாடை. ஊத்துறதுக்கு அவளுக்கென்ன வலிக்குது?"

"நான் சொல்றேன் அண்ணி."

"நீ சொல்லிக் கிழிச்ச! தம்பிகிட்டயே பேசிட்டேன். நீ சரின்னு சொன்னா இந்த மாசத்தோட அனுப்பிடலாம்னான். வீட்டுக்கு வந்தவங்களை மதிக்கத் தெரியாதவ, குழந்தைக்கு என்னத்தைக் கத்துக்குடுப்பா?"

கெட்டிலோடு வந்த மேரிம் அப்படியே நின்றுவிட்டாள்.

"வாம்மா மகராசி. இந்தத் தடவையாவது வழிய வழிய ஊத்து."

"வேணாம்மா... அது நல்லா இருக்காது."

"பார்த்தியா, எதிர்ப்பேச்சு வேற!"

மேரிம் சமையலறைக்கு ஓடினாள். அல்மூத் பின்னாலேயே போனாள்.

"நான் ஊருக்குப் போயிடணுமாக்கா?" மேரிமின் கன்னமெல்லாம் கண்ணீர்.

"அதை விடு. முழுசா ஊத்தித் தொலைச்சா என்னடி? ஒரு கோப்பை டீக்காக இவ்வளவு பேச்சு வாங்கணுமா?"

மேரிம் புறங்கையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். மேடையில் கிடந்த டீக்கரண்டி அல்மூத் கண்ணில் பட்டது.

"ஏன்டி, இங்க கரண்டிக்கு ஒரு அர்த்தம் இருக்கிற மாதிரி, உங்க ஊர்ல பாதிக் கோப்பைக்கு ஏதாவது இருக்கா?"

"இருக்குக்கா. பாதி ஊத்தினா, 'இன்னும் ரொம்ப நேரம் இருங்க, ஆற ஆற நான் ஊத்தித் தர்றேன்'னு அர்த்தம்."

"முழுசா ஊத்தினா?"

மேரிம் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"'குடிச்சிட்டுக் கிளம்புங்க'ன்னு அர்த்தம். உங்க வீட்டுப் பெரியவங்களைப் போய் நான் எப்படிக்கா அப்படிச் சொல்லுவேன்?"

அல்மூத் வாயைப் பொத்திக்கொண்டாள். மூன்று வாரமாக அடக்கி வைத்ததெல்லாம் சிரிப்பாகக் குலுங்கிக்கொண்டு வந்தது. ஒருவழியாக முகத்தைத் துடைத்துக்கொண்டு கெட்டிலை வாங்கினாள்.

"வா என்கூட."

தோட்டத்துக்குப் போய், இம்கேயின் கோப்பையில் ஊற்றினாள். விளிம்பு வரைக்கும் ஊற்றினாள்.

"ஆங், இது டீ! இப்பத்தான் இந்த வீட்டுக்கு மரியாதை தெரிஞ்சிருக்கு" என்றாள் இம்கே.

"இன்னும் கொஞ்சம் விடட்டுமா அண்ணி?"

"விடு விடு, கேக்கணுமா?"

தட்டிலும் வழிந்தது. மேரிம் உதட்டைக் கடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள்.

அல்மூத் அவளைத் தன் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தாள். அவள் முன்னால் ஒரு கோப்பையை வைத்து ஊற்றினாள். பாதியிலேயே நிறுத்தினாள்.

"அப்படிப் போடு அல்மூத்!" என்று இம்கே தொடையைத் தட்டினாள். "இப்பத்தான் அவளுக்கு உறைக்கும்!"

மேரிமுக்கு நன்றாகவே உறைத்தது. அந்தப் பாதிக் கோப்பையை அவள் இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டாள்.