ஒன்பது ‘கூடாது’

“மாமா, நீங்க சொன்னது ஒண்ணு, அந்தத் தையல்காரக்கா கை சொன்னது வேற ஒண்ணு!”

மருமகள் இதைச் சொன்னதும், சபைச் செயலாளருக்கு வாயில் வைத்த கவளம் உள்ளே இறங்கவில்லை.

ஞாயிறு ஆராதனை முடிந்து அப்போதுதான் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். மருமகளுக்கு ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை. அதற்காக இரண்டு மாதமாகச் சைகை மொழி படிக்கிறாள்.

“என்னம்மா சொல்றே?”

“இன்னைக்கு அறிவிப்புல நீங்க ஒன்பது தடவை ‘கூடாது’ன்னு சொன்னீங்க. விரல் விட்டு எண்ணினேன். அந்தக்கா கை ஒரு தடவைகூட ‘கூடாது’ன்னு சொல்லலை.”

“பின்னே என்னதான் சொன்னா?”

“அது முழுசாப் புரியலை மாமா. நான் இன்னும் ‘பேர் என்ன, வயசு என்ன’ பாடத்துலதான் இருக்கேன்.”

அந்தச் சபையின் வாசலில் ‘எல்லோருக்கும் இங்கே இடமுண்டு’ என்று பெரிதாக எழுதியிருக்கும். போதகரும் வாராவாரம் அதையே முக்கால் மணி நேரம் உருகி உருகிப் பிரசங்கிப்பார். அவர் மேடையை விட்டு இறங்கியதும் செயலாளர் அறிவிப்புத் தாளோடு ஏறுவார்.

செயலாளர் ரயிலில் முப்பது வருஷம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் இடமுண்டு என்றால், யாருக்கு எந்த இடம் என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? சக்கர நாற்காலியை நடுப்பாதையில் நிறுத்தக் கூடாது. குழந்தைகள் அழக் கூடாது. காது கேளாதவர்கள் மூன்றாவது வரிசையைத் தாண்டி உட்காரக் கூடாது.

இதையெல்லாம் மேடையோரம் நின்று மூன்றாவது வரிசைக்குச் சைகையில் சொல்வது தையல்காரம்மாவின் பொறுப்பு. காது கேளாத தன் தங்கைக்காகக் கற்றுக்கொண்ட மொழி அது.

ஆண்டவர் சந்நிதியில் கலப்படமா! செயலாளர் வாரம் முழுக்கப் புகைந்தார்.

அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே குரலை உயர்த்தி, “வாசல்ல நின்னு கூட்டம் போடக் கூடாது!” என்று அதட்டிவிட்டு ஓரக்கண்ணால் பார்த்தார். தையல்காரம்மாவின் கைகள் பூத்தொடுப்பது போல அசைந்தன. மூன்றாவது வரிசை மொத்தமும் அவரைப் பார்த்துப் பல் தெரியச் சிரித்தது.

ஆக, கேலி வேறு செய்கிறார்கள்! அவருக்குக் காது வரை சூடேறியது.

ஆராதனை முடிந்த கையோடு போதகரின் அறையில் விசாரணை வைத்துவிட்டார்.

“இனிமே இந்தம்மா சைகை சொல்ல வேண்டாம் பாஸ்டர். வேற ஆளைப் பாருங்க.”

“வேற ஆளுக்கு எங்கே போறது ஐயா? இவங்க நின்னுட்டா மூணாவது வரிசையே காலி.”

“காலியானா ஆகட்டும். சொல்றதை மாத்திச் சொல்றாங்க!”

போதகருக்குத் தூக்கிவாரிப்போட்டது. “என் பிரசங்கத்தையா?”

“ஐயோ, இல்லைங்க பாஸ்டர். உங்களுதுல நீளத்தை மட்டும்தான் கொஞ்சம் குறைச்சேன்,” என்றாள் தையல்காரம்மா.

“அப்ப என்னுதை?” என்றார் செயலாளர்.

அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். “மாத்தினேங்க ஐயா. ‘மூணாவது வரிசையைத் தாண்டி உக்காரக் கூடாது’ன்னீங்க. ‘அந்த வரிசையை உங்களுக்குன்னே பிடிச்சு வச்சிருக்கேன்’னு சொன்னேன். இன்னைக்கு ‘கூட்டம் போடக் கூடாது’ன்னீங்க. ‘பத்திரமா வீடு போய்ச் சேருங்க’ன்னு சொன்னேன்.”

“யாரைக் கேட்டு?”

“தப்புதாங்க ஐயா. ரெண்டு வருஷம் முன்னாடி, முதல் நாள் பயந்து பயந்து வந்து உக்காந்தாங்க. நீங்க சொன்னதை அப்படியே சொன்னா மறுவாரம் வர மாட்டாங்களேன்னு ஒரே ஒரு தடவை மாத்தினேன். அப்புறம் எப்படி நிறுத்தறதுன்னு தெரியலை.” அவள் கண் கலங்கிவிட்டது.

செயலாளர் விடுவதாக இல்லை. “காதுதானே கேக்காது? கண்ணுமா தெரியாது? நான் எந்த மூஞ்சியோட பேசறேன்னு பாக்க மாட்டாங்க?”

அதைக் கேட்டதும் அவள் புடவைத் தலைப்பை இன்னும் இறுக்கித் திருகினாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்துகொண்டு மூன்றாவது வரிசைத் தச்சர் எட்டிப் பார்த்தார். தையல்காரம்மாவைத் தேடி வந்தவர், செயலாளரின் சிவந்த முகத்தைக் கண்டதும் பதறிப்போய் உள்ளே வந்தார். விறுவிறுவென்று கைகளை அசைத்தார்.

செயலாளர் தையல்காரம்மா பக்கம் திரும்பினார்.

“என்ன சொல்றார்? ஒரு வார்த்தை மாத்தாம உள்ளதை உள்ளபடி சொல்லும்மா!”

“உள்ளபடியே சொல்றேங்க ஐயா... ‘பெரியவருக்கு இன்னைக்கு முதுகுவலி ரொம்ப அதிகமா? எங்க வரிசையே ரெண்டு வருஷமா தினமும் ஜெபம் பண்றோமே, கொஞ்சம்கூடக் குறையலையா?’ன்னு கேக்கறார்.”

“எனக்கு ஏதும்மா முதுகுவலி?”

“‘இவ்வளவு அன்பாப் பேசறவர் முகம் மட்டும் ஏன் இப்படி இருக்கு?’ன்னு கேட்டாங்க ஐயா. நான் வேற என்னத்தைச் சொல்றது?”

போதகர் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தச்சர் நாற்காலியை இழுத்துப் போட்டார். செயலாளரின் தோளைப் பிடித்துக் கைத்தாங்கலாக, நோகாமல் உட்கார வைத்தார். பிறகு பதிலுக்காக அவர் முகத்தையே கவலையோடு பார்த்துக்கொண்டு நின்றார்.

செயலாளர் தச்சரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

“சொல்லும்மா... இன்னைக்குத்தான் குறைய ஆரம்பிச்சிருக்குன்னு.”