டயானா மேடம் ரூம்

"என் பேரு அந்தோணி பிரபு. வயசு இருவத்தி நாலு. ஓசூர்லேருந்து பேசறேன். இது புது நம்பரு. பெரியநாயகத்தோட மூத்த பையன்."

கம்பெனி சைக்கிள் ஷெட்டின் நிழலில் நின்று அவன் பேசப் பேச, போன் அதை எழுத்தாக்கிக்கொண்டே வந்தது.

ஆடியோவாக அனுப்பினால் பயனில்லை. திண்டிவனம் மார்க்கெட்டில் மல்லாட்டை மூட்டை தூக்கும் அப்பாவுக்கு லாரி இரைச்சலில் காதில் விழாது. அம்மா வேலை செய்யும் வீட்டில் போனைக் காதில் வைத்தாலே முறைப்பார்கள். கூப்பிட்டும் பார்த்தான், இரண்டு பேரும் எடுக்கவில்லை. எழுத்தென்றால் யாராவது படிப்பார்கள்.

யாராவது என்றால், தெருவிலுள்ள கிறிஸ்தவக் குடும்பங்களின் அன்பியக் குழு. இந்த வாரம் செபக்கூட்டம் எந்த வீட்டில், யாருக்குப் பிறந்தநாள் என்பதைத் தவிர அந்த வாட்ஸ்அப்பில் வேறெதுவும் வராது.

தம்பி சங்கதியை அங்கே போடுவாய் என்று காலையில் யாராவது சொல்லியிருந்தால் பிரபு சண்டைக்குப் போயிருப்பான்.

"என் தம்பி அலெக்ஸ் விழுப்புரத்துலேருந்து பஸ்ல வந்துக்கினு இருக்கான். டயானா மேடம் ரூமுக்குப் போறான். அவன் பாக்கெட்டுல மாத்திர இருக்கு. ஜல்தியா யாராச்சும் போய் நிறுத்துங்க."

அனுப்பினான்.

டயானா மேடம் ரூம் என்றால் தெருவில் எல்லாருக்கும் தெரியும். தண்ணீர் டேங்குக்குக் கீழே நகராட்சி விட்டிருந்த ஒற்றை அறை. போதை மாத்திரையில் விழுந்த பையன்களை மேடம் அங்கே உட்காரவைத்துப் பேசுவார். நுழைந்ததும் பாக்கெட்டில் இருப்பதையெல்லாம் மேசைமேல் உள்ள எவர்சில்வர் தட்டில் கொட்டிவிட வேண்டும். எங்கே வாங்கினாய், யார் கொடுத்தது, ஒரு கேள்வி கிடையாது. கொட்டினால் டீ வரும். அவ்வளவுதான்.

அலெக்ஸ் கொட்டினான். கொஞ்ச நாள் ஆளே வேறாக இருந்தான். பழைய கூட்டாளிகள் கண்ணில் படக்கூடாதென்று வீட்டில் அவனை விழுப்புரத்துச் சித்தியிடம் அனுப்பினார்கள்.

அங்கே புதுக் கூட்டாளிகள் கிடைத்தார்கள்.

இன்று காலை சித்தி போனிலிருந்து கூப்பிட்டு அழுதான். "எல்லாத்தையும் சாக்கடையில போட்டுடட்டுமாண்ணா?"

"போடாதடா. சாக்கடையில போட்டா சாயந்தரமே வேற வாங்குவ. எடுத்துக்கினு நேரா மேடம்கிட்ட போ. உன் கையால தட்டுல கொட்டு."

சொன்னவன் பிரபுதான். சொன்னதில் அவனுக்கு ஒரு பெருமைகூட. மேடத்திடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டான்.

மேடம் புதுச்சேரியில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார்.

"உனக்கு யாரும் சொல்லலியாப்பா? பணம் ஒண்ணுக்குத்தான் இருக்கு, சென்டரா, போலீஸ் பூத்தான்னு வார்டு கூட்டத்துல கேட்டாங்க. ஜனங்க பூத்துன்னுட்டாங்க. என் சம்பளம்தான் இப்ப கம்பத்துல கேமராவா தொங்குது. ரூம் அதே ரூம்தான். மேசகூட மாத்தலியாம்."

அலெக்ஸ் தன் போனை எப்போதோ விற்றுவிட்டான். அவன் ஏறுவதாகச் சொன்ன மத்தியான பஸ் இந்நேரம் கூட்டேரிப்பட்டைத் தாண்டியிருக்கும். வாசலில் தொங்கும் போர்டைப் படிக்கிற நிலையில் அவன் இருக்க மாட்டான். நடுக்கம் வந்துவிட்டால் தலை நிமிராது. கதவு, மேசை, கொட்டு. காக்கியைப் பார்ப்பதற்குள் கொட்டி முடித்திருப்பான்.

குழுவைத் திறந்தான். அவன் செய்தி இருந்த இடத்தில், நிர்வாகி நீக்கிவிட்டதாக ஒரு வரி இருந்தது.

நிர்வாகி அப்பா.

மானம் போகிறதென்று அழித்திருப்பார். கூப்பிட்டான். இந்த முறை எடுத்தார்.

"அப்பா, மேடம் ரூம்ல இப்ப போலீசு..."

"தெரியும்."

"அவங்க முன்னாடி போய் மாத்திரைய கொட்டப்போறான்ப்பா!"

"தெரியும்டா. அவன் பஸ் ஏறினதுமே உங்க சித்தி சொல்லிட்டா. நாந்தான் வுடுன்னேன்." பின்னால் ஏதோ மூட்டை விழுந்தது. "முந்தாநாளு கக்கூஸ்ல ஊசியோட கெடந்தானாம். கதவ ஒடச்சி இழுத்துப் போட்டிருக்கா. உன்கிட்ட சொல்லல. நீ ஓசூர்ல குந்திக்கினு புத்தி சொல்லுவ. பொணத்த தூக்கப்போறவன் நாந்தான?"

பிரபு போனைக் காதோடு அழுத்திக்கொண்டான்.

"சித்தி வூட்ல திருப்பி ஆரம்பிச்சிட்டான்னு தெரிஞ்ச அன்னிக்கே நான் முடிவு பண்ணிட்டேன். கூட்டத்துல போலீசு வேணும்னு மொதல்ல எழுந்து நின்னதே நாந்தான்டா. ஊரு நல்லாருக்கணும்னு இல்ல. இவன புடிச்சி உள்ள வெச்சி பூட்ட ஒருத்தன் வேணுமில்ல? உள்ள இருந்தா உசுரோடயாச்சும் இருப்பான்."

வைத்துவிட்டார்.

குழுவில் இருந்த அந்தோணிசாமி மாமாவைத் தனியாகக் கூப்பிட்டான். பக்கத்து வீடு. சின்ன வயதில் இரண்டு பேரையும் சைக்கிளில் வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர்.

"அப்பா சொல்லிட்டாருப்பா. உங்க குடும்ப விஷயம். நாங்க நடுவுல வந்தா நல்லாருக்காது" என்றார். குரல் என்னவோ கனிவாகத்தான் இருந்தது.

மறுபடி குழுவுக்குப் போனான். இனி நிர்வாகி மட்டுமே செய்தி அனுப்ப முடியும் என்று மாற்றியிருந்தார்கள்.

ஷிப்டு மணி அடித்தது.

மிச்சம் இருந்தது ஸ்டேட்டஸ் ஒன்றுதான். புது நம்பர் என்பதால் அவன் ஸ்டேட்டஸைப் பார்ப்பவர்கள் கூட வேலை செய்யும் ஒடிசா, பீகார் பையன்கள் மட்டும்தான். ஓரளவு தமிழ் பேசுவார்கள். படிக்கத் தெரியாது.

அது தெரிந்தும் போனை வாயருகே கொண்டுபோனான்.

"இத யாரு படிக்கிறீங்களோ, திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருந்தீங்கன்னா, ஒல்லியா ஒரு பையன் குனிஞ்சிக்கினே வருவான். பேரு அலெக்ஸ். எடது காதுல வளையம் இருக்கும். போலீசுன்னு சொல்லாதீங்க, மெரண்டுடுவான். அண்ணன் போன்ல இருக்கான்னு சொல்லி அவன கொஞ்ச நேரம் நிறுத்தி வையிங்க."