முதுநிலை உறக்கப் பரிசோதகர்

பட்டப்பகலில், அலுவலக நேரத்தில், அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளே வந்த மேலாளர் அதைப் பார்த்தார். பூனை மாதிரி நடந்துபோய் ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

"வேலை செய்றவரைத் தொந்தரவு பண்ணாதீங்கய்யா!" என்று வாசலில் நின்றவர்களை அடிக்குரலில் அதட்டினார்.

அது மெத்தை தயாரிக்கும் நிறுவனம். அவர் அங்கே முதுநிலை உறக்கப் பரிசோதகர். புது மெத்தை எதுவானாலும் அவர் ஒருமுறை படுத்துத் தூங்கி எழுந்த பிறகுதான் கடைக்குப் போகும்.

கட்டடத்தில் கதவைச் சாத்திப் பேச வசதியான அறை அது ஒன்றுதான் என்பதால் மேலாளர் கணக்காளரையும் அங்கேயே அழைத்து வந்திருந்தார். முதலாளியின் பொய்முடி நேற்று மின்விசிறிக் காற்றில் பறந்துபோய் ஒரு வாடிக்கையாளரின் மடியில் விழுந்த கதையை மேலாளர் கிசுகிசுத்துக்கொண்டிருந்தபோது, படுக்கையில் ஒரு புன்னகை மலர்ந்தது.

இருவரும் கதையை அப்படியே போட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார்கள். படுத்தவர் புரண்டால் மூன்றாம் தரம், அசையாமல் கிடந்தால் இரண்டாம் தரம், சிரித்தால் முதல் தரம். நிறுவனம் தொடங்கிய நாளிலிருந்து அதுதான் அளவுகோல்.

"குழந்தை மாதிரி சிரிக்கிறாரு பாரு" என்று மேலாளர் நெகிழ்ந்துபோனார். "இந்தப் பஞ்சுக்கு முதல் தரம் போட்டுக்கோ."

இப்படிப்பட்ட திறமை வெளியே தெரியாமல் இருக்குமா? அன்று மாலையே போட்டி நிறுவனத்தின் அதிகாரி ஒருவர் அவர் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"வேலை அதேதான் சார். படுக்கணும், தூங்கணும். சம்பளம் மட்டும் ரெண்டு மடங்கு!" என்று அதிகாரி தொண்டை கிழியக் கத்தினார். வீட்டுக்குக் கீழே வெல்டிங் பட்டறை.

சமையலறையில் இருந்த மனைவிக்கு அது கணீரென்று கேட்டது. அந்த வீட்டுக்குக் குடிவந்ததிலிருந்து அவள் காதில் தெளிவாக விழுந்த முதல் வாக்கியம் அது.

கீழே விடிய விடிய இரும்பு அறுபட்டுக்கொண்டிருக்கும். ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாமல் அவள் கண் இரண்டும் உள்ளே போய்விட்டன. வேறு வீடு பார்க்கலாம் என்றால் வாடகை எட்டாது. அவருக்கோ அந்தக் கவலையே இல்லை. பகலெல்லாம் தூங்கிவிட்டு வந்தாலும், ராத்திரி சாப்பிட்ட கை காய்வதற்குள் கட்டை மாதிரி சாய்ந்துவிடுவார். தொழில்மேல் மனுஷனுக்கு எவ்வளவு பற்று என்று அவள் நினைத்துக்கொள்வாள்.

அதிகாரி படி இறங்கியதும் அவள் பிடித்துக்கொண்டாள்.

"யோசிச்சுச் சொல்றேன்னு அனுப்பிட்டீங்களே, இதுல யோசிக்க என்னங்க இருக்கு?"

"இப்ப பார்க்கிற வேலை எனக்குப் பிடிச்சிருக்கு."

"அதுவும் தூக்கம், இதுவும் தூக்கம். ஒரு தூக்கம் பிடிச்சு இன்னொரு தூக்கம் பிடிக்காம போகுமா?"

"அங்க சம்பளம் அதிகம்தான். இங்க சுவாரசியம் அதிகம்."

"தூங்குறதுல என்னங்க சுவாரசியம்?"

அவர் அதற்குள் தூங்கிவிட்டிருந்தார்.

மறுநாள் அவளே அவரைக் கையோடு இழுத்துக்கொண்டு போட்டி நிறுவனத்துக்குக் கிளம்பினாள். பேருந்திலேயே தன் முடிவையும் சொல்லிவிட்டாள்.

"இன்னிக்கு நீங்க ஒத்துக்கலைன்னா நான் எங்க அக்கா வீட்டுக்குப் போயிடுவேன். கோவிச்சுக்கிட்டு இல்ல. தூங்குறதுக்கு."

அதிகாரி வாசலுக்கே வந்து வரவேற்றார். பரிசோதனை அறையைத் திறந்து காட்டியபோது அவர் முகத்தில் பெருமை வழிந்தது.

"நாலு சுவர்லயும் பஞ்சு அடைச்சிருக்கோம் சார். வெளியில இடி விழுந்தாலும் உள்ள கேக்காது."

"பக்கத்துல ஆளுங்க யாரும் இருக்க மாட்டாங்களா?"

"ஈ, காக்கா கிடையாது சார். நீங்க, மெத்தை, அவ்வளவுதான்."

"கதவை லேசாத் திறந்து வெச்சுக்கலாமா?"

"ஐயோ, சத்தம் வந்துடுமே சார்! இந்த ஒயர் எல்லாத்தையும் உங்க தலையில ஒட்டிடுவோம். எந்த நிமிஷம் தூங்குனீங்க, எவ்வளவு ஆழமாத் தூங்குனீங்கன்னு அந்தத் திரையில ஓடிக்கிட்டே இருக்கும். உங்களை மாதிரி ஆளுக்கு அதெல்லாம் தேவையே இல்ல, இருந்தாலும் விதிமுறை."

அவர் ஒயர்களையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். மனைவியோ அந்த அறையின் நிசப்தத்தில் ஒரு கணம் சொக்கிப்போய், நின்றபடியே கொட்டாவி விட்டாள். அப்புறம் சுதாரித்துக்கொண்டு அதிகாரி நீட்டிய ஒப்பந்தத்தையும் பேனாவையும் வாங்கிக் கணவர் கையில் திணித்தாள்.

அவர் பேனாவைத் திறந்தார், மூடினார். கையெழுத்து மட்டும் விழவில்லை.

"ஒரு நிமிஷம் சார்" என்று அதிகாரியிடம் சொல்லிவிட்டு, அவள் அவரை நடைபாதை மூலைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"பொண்டாட்டி தூக்கமில்லாம சாகுறா. பிடிச்ச வேலை உங்களுக்கு அதைவிடப் பெரிசாப் போச்சா? உண்மையைச் சொல்லுங்க. இங்க சேர்ந்தா உங்களுக்கு என்ன கஷ்டம்?"

அவர் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். பிறகு அவள் காதருகே குனிந்தார்.

"இங்க சேர்ந்தா நிஜமாவே தூங்கணுமே!"