இன்னைக்கு இன்னா ரேட்டு?

“இன்னைக்கு இன்னா ரேட்டுண்ணா?”

நிமிர்ந்து பார்க்காமலேயே ஜெயப்பிரகாஷுக்குத் தெரிந்துவிட்டது. மலர்விழிதான். எலவனாசூர்கோட்டையில் களை எடுத்த கையோடு பஸ் ஏறி வந்திருப்பாள்.

உளுந்தூர்பேட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அவனுடையது வெளிநாட்டுப் பணம் மாற்றித் தரும் கடை. துபாயிலிருந்து புருஷன் பணம் அனுப்பினால் வாங்க வருவாள். அனுப்பாத வாரத்தில் ரேட் கேட்கவென்றே வருவாள்.

“ஏறிடுச்சும்மா. அமெரிக்காக்காரன் மறுபடியும் வட்டிய ஏத்திட்டான். இருக்கிறவன்லாம் பணத்த அங்க கொண்டுபோயி கொட்றான். டாலர் ஏறுது, நம்ம ரூபா எறங்குது. துபாய்க் காசு டாலரோட சேத்துக் கட்டுனது, அதுவும் கூடவே ஏறுது. உனக்கு யோகந்தான் போ!”

மலர்விழி பெஞ்சில் பொத்தென்று உட்கார்ந்தாள். முகத்தில் சந்தோஷத்தின் சுவடே இல்லை.

ஜெயப்பிரகாஷுக்கு அலுப்பாக வந்தது. வெளிநாட்டில் படிக்கும் மகளுக்கு டாலர் வாங்கி அனுப்பும் கந்தசாமி, இதே ரேட்டைக் கேட்டுவிட்டுக் காலையில்தான் அழாத குறையாகப் போனார். இவளுக்கு என்னவென்றால், இவ்வளவு ஏறியும் போதவில்லை!

“இன்னும் எவ்ளோ நாளைக்குண்ணா ஏறும்?”

“யாரு கண்டா? நம்ம ரிசர்வ் பேங்க்கும் வட்டிய ஏத்திப் பாத்துட்டாங்க. ரூபா நிக்க மாட்டேங்குது.”

“ரெண்டு பேரும் கலந்து பேசிச் செய்ய மாட்டாங்களா?”

“அவன் ஊரு வெலவாசிக்கு அவன் ஏத்தறான். உன்னையும் என்னையும் கேட்டுக்கினா செய்வான்?”

அவள் முந்தானையால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

அவனுக்குப் பொறுக்கவில்லை. “மாடி வூடு கட்டியாச்சு, கொல்லையில போர் போட்டாச்சு. இன்னும் இன்னாதாம்மா வேணும் உனக்கு?”

மலர்விழி எழுந்தாள். வாசல்வரை போனவள் திரும்பினாள்.

“எறங்குச்சுன்னா மறக்காம ஒரு போன் போடுண்ணா.”

“எறங்குனா உனக்குத்தாம்மா நஷ்டம்! அத எதுக்குக் கேக்குற?”

“‘ஏறிக்கினு இருக்கும்போது வுட்டுட்டு வர நான் இன்னா பைத்தியமா, எறங்கட்டும் வந்துடறேன்’னு ஒவ்வொரு வாட்டியும் சொல்றாருண்ணா. அவரு போம்போது வயித்துல இருந்த புள்ள இப்ப பால்வாடிக்குப் போவுது. அப்பா எங்கன்னு யாராவது கேட்டா, போனைக் காட்டுது.”