விட்டாச்சு

மங்கையர்க்கரசியின் வீட்டுக்குள் ஏரித் தண்ணீர் வந்தபோது நண்பகல். மழை நின்று நல்ல வெயில். நாற்காலிக் கால்களுக்கிடையே பொடி மீன்கள் கனவில் வருவதுபோல் நீந்திப் போயின.

ஏரி மதகைத் திறந்து மூடும் மென்பொருள் அவள் கட்டியது. மழையைக் கவனித்து அதற்குச் செய்தி சொல்லும் மென்பொருள் காரைக்குடி நிஜாமுதீன் கட்டியது. ஆறு வருடங்கள் சேர்ந்து வேலை செய்தும் இருவரும் பேசியதில்லை. எல்லோருக்கும் இருப்பதுபோல அவர்களுக்கும், அவர்களுக்குப் பதிலாகப் பேசும் துணைக்குரல்கள் இருந்தன. அவையே ஒன்றோடொன்று பேசி முடித்துக்கொண்டன.

இன்று அவளே அவரை அழைத்தாள்.

"நான்தாங்க பேசறேன். துணைக்குரல் இல்லை."



"உங்க குரல் இப்படித்தான் இருக்குமா?" என்றார் அவர்.

"மழை நின்னதும் உங்க பக்கத்திலேர்ந்து என்ன செய்தி வரும்?"

"விட்டாச்சுன்னு வரும். மழை விட்டாச்சுன்னு."

அவள் கண்களை மூடிக்கொண்டாள். "தண்ணிய விட்டாச்சுன்னு என் பக்கம் எடுத்துக்கிட்டிருக்கு. அதான் மதகு திறக்கவே இல்லை."

இருவரும் பேசிப் பேசி மதகைத் திறந்தார்கள். மெல்ல மெல்ல வாசற்படி வெளியே தெரிந்தது. அவள் விடைபெறப் போனாள்.

"இருங்க," என்றார் நிஜாமுதீன். "நமக்குள்ள இந்த மாதிரி இன்னும் நானூறு வார்த்தை மென்பொருள்ல ஓடிக்கிட்டிருக்கு. அதையெல்லாம் நீங்க என்னன்னு நினைச்சிருக்கீங்க?"

அவள் ஈர நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"ஒவ்வொண்ணா சொல்லுங்க," என்றாள்.