லைட் பட்ட இடம்

“அது லைட் பட்டதாக்கும் ஷிஜா. நம்ம ஆப் அத சரியாக்கிருக்குல்லா. இத க்ளோஸ் பண்ணிரு, கேட்டியா.”

சொன்னவர் எங்கள் டீம் லீட் பிபின். நான் கண்டுபிடித்துப் பதிவு செய்திருந்த பிழையை மூடச் சொல்கிறார். அவர் ஊர் தமிழக எல்லையை ஒட்டிய பாறசாலைப் பக்கம்தான். ஆனால் திருவனந்தபுரத்துக் கழக்கூட்டம் ஆபீசுக்குள் மலையாளம் தவிர வேறு வாயில் வராது. என்னிடம் ஒரு காரியம் ஆகவேண்டும் என்றால் மட்டும் வீட்டுத் தமிழ் வந்துவிடும்.

திரையில் இரண்டு படங்கள். இரண்டிலும் ஒரே கருத்த தோல், நெருக்கத்தில்.

இடதுபக்கம் போனில் எடுத்தபடி. நடுவில் காசு அளவுக்கு வெளிறிய வட்டம், அதன் ஓரத்தில் ஒரு மச்சம்.

வலதுபக்கம் எங்கள் ஆப் வழியாகப் போய் வந்தது. வட்டத்தைக் காணோம்.

நடந்தது இவ்வளவுதான். படத்தை அனுப்பும்போது ஆப் அதன் நிறங்களை வேறொரு கணக்குக்கு மாற்றுகிறது. டாக்டர் திறக்கும்போது பழைய கணக்குக்குத் திருப்புகிறது. ஒவ்வொரு தடவையும் தசமப் புள்ளிக்குப் பின்னால் வரும் எண்ணை வெட்டி எறிகிறது. வெளுத்த தோலுக்கு அதனால் குடி முழுகிவிடாது. கருத்த தோலில் பக்கத்துப் பக்கத்து நிறங்களெல்லாம் ஒன்றாகிவிடும்.

வெட்டச் சொன்ன மகான் பிபின்தான். படம் சீக்கிரம் போகவேண்டுமாம்.

அவர் எதை வைத்துச் சோதித்தார் தெரியுமா? பிறந்தநாள் பார்ட்டி போட்டோவை வைத்து. கேக்கும் பலூனும் பிரமாதமாக வந்ததாம்.

இந்த ஆப்பைப் பயன்படுத்தப் போவது போனக்காடு மாதிரி எஸ்டேட் பக்கத்து நர்ஸ்கள். தொழிலாளர்களின் தோலைப் படம் எடுத்து நகரத்து டாக்டருக்கு அனுப்புவார்கள். தொழுநோய் பலருக்கு இப்படித்தான் தொடங்கும், தேமல் மாதிரி ஒரு வெளிறல். அப்போதே தெரிந்தால் மாத்திரையில் தீர்ந்துவிடும். தெரியாமல் விட்டால் விரல்கள் மரத்து மடங்கிப் போகும்.

நாளைக்கு ரிலீஸ்.

இதையெல்லாம் சொன்னேன். இரண்டு படங்களின் எண்களையும் வரிசையாகக் காட்டினேன். கொட்டாவி விட்டார்.

நீ என்ன டாக்டரா என்று கேட்டார். போட்டோ எடுத்த ஆள் ஜன்னலோரம் நின்று எடுத்திருப்பான், அந்த வெளுப்புதான் இது என்றார். வெளிச்சக் குறைகளைத் தானே சரிசெய்யும் ஆப் என்று விளம்பரத்தில் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை வேறு. இந்த மூளைக்குப் பதவி உயர்வு கொடுத்தவர்களின் காலில் விழுந்து கும்பிட வேண்டும்.

அது வெளிச்சத்தால் வந்ததில்லை என்று நிரூபித்துக் காட்டினால் ரிலீஸை நிறுத்துகிறேன் என்றார். சொல்லிக்கொண்டே என் கையிலிருந்த மவுஸைப் பிடுங்கி, பிழையை மூடும் பட்டனுக்கு நகர்த்தினார்.

நான் சுடிதாரின் கையை முழங்கைக்கு மேல் ஏற்றினேன். திரைக்குப் பக்கத்தில், மேஜைமேல் என் கையை வைத்தேன்.

“ஜன்னல மூடுங்க. லைட்டையும் அணைச்சிட்டுப் பாருங்க.”

மூடவும் இல்லை, அணைக்கவும் இல்லை. திரையைப் பார்த்தார், என் கையைப் பார்த்தார். அதே வட்டம். ஓரத்தில் அதே மச்சம்.

பிபினுக்கு விஷயம் புரிந்துவிட்டது. நாற்காலியோடு சுவர் வரைக்கும் உருண்டு போனார்.

ரிலீஸ் இல்லை என்று அங்கிருந்தே எல்லோருக்கும் போனில் செய்தி அனுப்பினார். பிறகு மேஜைமேல் கிடந்த மவுஸைப் பார்த்தார். தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

எனக்கு இந்த நோய் இருப்பது இதுவரை அம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. நாளைக்கு ஆபீஸ் முழுக்கத் தெரிந்துவிடும். கேண்டீனில் என் மேஜை காலியாகிவிடும்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தாயிற்று, இனி யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

அதை பிபினிடம் நான் சொல்லவில்லை. கொஞ்ச நாள் பயந்து சாகட்டும்.